நார் பின்னும் பீடம்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே கனத்த சரக்கைச் சொற்ப விலைக்கு இறக்கினால், லாபத்தை வண்டிக்கூலியே விழுங்கிவிடும். எடை குறைந்து, கைவேலை மிகுந்த பண்டமே மலைவாசிக்கு நலந்தருவதாகும். குலை வெட்டியபின் தோட்டத்தில் அழுகவிடப்படும் வாழைமட்டையின் நார் அத்தகைய பண்டத்துக்கு உரிய மூலப்பொருளாம்.

முறுக்கிய கயிற்றின் நுனியை அறுத்தால் புரிகள் பிரியும். பின்னிய கயிற்றிலோ ஒவ்வோர் இழையும் மற்றவற்றோடு மாறிமாறிப் பிணைந்திருப்பதால் அது எளிதிற் பிரியாது. பைகளின் கைப்பிடிக்கும் இடைக்கச்சைக்கும் இதுவே ஏற்றது. ஜப்பானியர் ‘மருதை’ என்னும் வட்டப் பீடத்தின்மேல் இவ்விதம் பட்டுக் கயிறு பின்னுவர். முற்காலத்தில் போர்வீரரின் கவசங்களைக் கோக்கவும் பின்னற்கயிறு பயன்பட்டது.

பீடம் செய்யும் விதம்

10 அங்குல விட்டமுள்ள பலாப்பலகை வட்டம் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் ஒன்றரை அங்குலத் துளையிடுக. வெளிவிளிம்பையும் துளையின் விளிம்பையும் உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்தல் அவசியம். சொரசொரப்பு இருப்பின் நார் பிய்ந்துபோகும். 16 அங்குல உயரமுள்ள நான்கு மூங்கிற் கால்களை அகன்ற அடிப்பலகையில் ஊன்றி, வட்டத்தை அவற்றின்மேல் பொருத்துக.

எட்டுச் சிறு மூங்கிற் குழல்களில் மணல் நிரப்பி வாயை அடைத்து, ஒவ்வொன்றும் 75 கிராம் இருக்குமாறு தராசில் நிறுத்துக்கொள்க. எடை ஏறத்தாழ இருப்பின் பின்னல் ஒருபுறம் சாயும்.

பின்னும் விதம்

எட்டு இழைகளையும் ஒருசேர முடிந்து முடிச்சைத் துளையில் இறக்கி, அதில் 300 கிராம் மணற்பையைத் தொங்கவிடுக. இது குழல்களின் மொத்த எடையில் பாதியாகும். பை கனத்தால் பின்னல் தளரும், இலேசானால் இறுகும். இழைகளின் மறுநுனிகளைக் குழல்களிற் சுற்றிச் சுருக்கிட்டு, நான்கு திசைக்கும் இரண்டிரண்டாக விளிம்பில் தொங்கவிடுக.

எதிர்ப்புறத்து வலது இழையைத் தம்பக்கத்து இணையின் வலப்புறத்திலும், தம்பக்கத்து இடது இழையை எதிர்ப்புறத்து இணையின் இடப்புறத்திலும் வைக்கவேண்டும். பின்னர் இணைகளை நேராக்கி, பீடத்தைக் கால்வட்டம் திருப்பி அவ்வாறே செய்க. திருப்பும் திசை ஒருபோதும் மாறலாகாது. இவ்விதம் தொடர்ந்தால் உருண்டைக் கயிறு துளையின் வழியே கீழிறங்கும்.

எச்சரிக்கை

வாழைநார் ஈரத்தை உறிஞ்சும். நனைந்தபடி கிடந்தால் மக்கும். ஆதலால் கிணற்றுக் கயிற்றுக்கு இதனை விற்றல் கூடாது. ஒருவர் தரும் மட்டச்சரக்கு சங்கத்தார் அனைவரின் பெயரையும் கெடுக்கும். முதலில் ஒரு சாண் மாதிரி பின்னி, செலவான நாரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அதன்பின் விலை பேசுவதே விவேகம். கூலி எவ்வளவென்று அறியாதவர் விலை கூறுவது, அளவில்லாப் படியால் நெல் அளப்பதை ஒக்கும்.