சங்குப்பூ நிறத்தில் ஒரு பூக் கொழுக்கட்டை

நம்ம வேலியில் படர்கிற நீலச் சங்குப்பூவை வைத்து தாய்லாந்துப் பெண்கள் ஒரு பலகாரம் செய்கிறார்கள். பெயர் ‘சோ முவாங்’, அதாவது ஊதாப் பூங்கொத்து. 1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமா மன்னர் எழுதிய பாட்டிலேயே இது வருகிறது. அரண்மனைப் பலகாரம் என்றாலும் கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த நமக்கு இது புதுசு இல்லை.

பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சை சில சொட்டு விட்டால் ஊதா. கூடிப்போனால் ரோஸ் ஆகிவிடும். கடைக் கலர் பொடி நமக்கு வேண்டாம்.

அரிசி மாவு, கொஞ்சம் மரவள்ளி மாவு, தேங்காய்ப்பால், பூச்சாறு எல்லாம் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டணும். வாணலியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்கிப் பிசைந்து ஈரத்துணியால் மூடுங்க. காய்ந்தால் வெடிக்கும்.

பூரணத்துக்குக் கோழிக் கொத்துக்கறி, வெங்காயம், பூண்டு, மிளகு, மல்லி வேர், கொஞ்சம் வெல்லம். உப்புக்கு அவர்கள் மீன் சாறு ஊற்றுகிறார்கள். சுருள வதக்கிச் சின்ன உருண்டையாக்கி மாவில் மூடணும்.

இனிமேல்தான் வேலையே! பித்தளை இடுக்கியால் சுற்றிலும் வரிசை வரிசையாகக் கிள்ளி இதழ் எடுக்கணும். இடுக்கியில் மாவு ஒட்டினால் இதழ் கிழியும், அடிக்கடி துடைத்துக்கணும். எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்து, தண்ணீர் தெளித்து, 5 நிமிஷம் போல ஆவியில் வைத்தால் போதும். மாவு முன்பே வெந்ததுதானே! அதிகம் விட்டால் இதழெல்லாம் மழுங்கி, பட்ட பாடு வீண். மேலே பூண்டு எண்ணெய் தடவி, மல்லித்தழை, மிளகாயோடு சாப்பிடுகிறார்கள்.

ஆர்டர் எடுக்க நினைக்கும் குழு முதலில் 10 மட்டும் செய்து பாருங்க. ஒன்றுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு நோட்டில் எழுதி, அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் விலை சொல்லணும்.