தேடலும் மாற்றலும்: கணினிப் பதிப்பில் ஒரு பாடம்

ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதியோரின் பிழை மெல்லப் பரவியது. கணினியிலோ ஒரு பொத்தானை அழுத்திய அளவில் பிழை நூல் முழுவதும் பரவிவிடும். ஆதலின் உரைதிருத்தியில் தேடல், மாற்றல் எனும் வசதிகளை அமைப்போர் நிரலாக்கத்தோடு தமிழ் இலக்கணமும் அறிதல் வேண்டும்.

தேடலின் இயல்பு

இடங்காட்டி நிற்கும் இடத்திலிருந்து தேடல் தொடங்கும். இறுதிவரை காணாவிடின் தலைப்பிற்குத் திரும்பி, தொடங்கிய இடம்வரை நோக்கும். 'ஏற்காடு' என்பதை 'ஏற்காடு மலை' என மாற்றுங்கால், புதிதாக இட்ட சொல்லுக்கு அப்பாலிருந்தே அடுத்த தேடல் தொடர வேண்டும். இன்றேல் மாற்றம் முடிவின்றிச் சுழலும்.

எழுத்தால் வரும் இடர்

'கொண்டை ஊசி வளைவு' என்பதிலுள்ள 'கொ'வின் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். விதிப்படி இரண்டும் ஒன்றே. கண்ணுக்கும் வேறுபாடு இல்லை. ஆயினும் குறிகளை மட்டும் ஒப்பிடும் நிரல் ஒன்றைக் கண்டு மற்றொன்றை விட்டுவிடும். எனவே இரண்டையும் ஒரு வடிவாக்கிய பின்னரே ஒப்பிடல் வேண்டும். 'கல' என்று தேடினால் 'கல்வி'யும் அகப்படும். புள்ளி தனிக்குறியாக நிற்பதே காரணம். அதனைக் 'குல' என மாற்றினால் 'கல்வி' 'குல்வி'யாகிவிடும்.

அதிராம்பட்டினத்து உமர் தம்பி (1953–2006) 'தேனீ' எழுத்துருவை ஆக்கி, இணையத்தில் ஒருங்குறித் தமிழ் வேரூன்ற உழைத்தார். அவ்வுழைப்பின் பயனைக் காப்பது நம் கடன்.

சொல்லால் வரும் இடர்

சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலம் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுவதாகக் கொள்வோம். 'மாரமங்கலம்' என்று தேடினால் 'மாரமங்கலத்தில்' அகப்படாது. மகர ஈறு அத்துச் சாரியை பெற்றுத் திரிந்துவிட்டது. 'மாரமங்கல' எனத் தேடினால் இரண்டும் கிடைக்கும். 'மலை' என்பதைக் 'குன்று' என ஒருங்கே மாற்றினாலோ, அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் 'குன்றுயாளி' ஆகிவிடுவர்! முழுச்சொல்லை மட்டும் மாற்றுக என ஆணையிட்டால் அவர்கள் பெயர் தப்பும். 'மலையில்' என்பது மாறாது நின்றுவிடும்.

கொள்ளத்தக்க நெறி

கண்ட இடங்களின் எண்ணிக்கையை முதலில் காட்டுக. ஒவ்வொன்றையும் அதன் வரியோடு காட்டி இசைவு பெறுக. 'அனைத்தையும் மாற்று' எனும் செயல் முழுவதையும் ஒரே கட்டளையில் மீட்க வழி வைக்க.

சீறாப்புராணம் போன்ற செய்யுள் நூல்களில் சொற்கள் புணர்ந்தே நிற்கும். அங்கு இவ்விழிப்பு இரட்டிப்பாக வேண்டும். கணினி தேடித் தரும். தெரிந்து கொள்ளுதல் புலமையின் பணியே.