ஏழு வருட வாரண்டி எதற்கு? கீசர் வைத்திருப்போர் அறிய வேண்டியவை



சென்ற மாதம் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கையில் கீசர் பெட்டியிலிருந்து வெட்டி எடுத்த ஓர் அட்டைத் துண்டு. அதில் கொட்டை எழுத்தில் ‘7 வருட வாரண்டி’ என்று இருந்தது. கீசர் வாங்கி நான்கு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. படுக்கையில் இருக்கும் மாமியாரைக் குளிப்பாட்ட அதைத்தான் நம்பியிருந்தார். திடீரென்று தண்ணீர் சூடாகவில்லை. கம்பெனி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “எலிமெண்ட் போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும்” என்று சொல்லியிருக்கிறார்.

“ஏழு வருஷம்னு போட்டிருக்காங்களே, ஏமாத்துறாங்களா பாய்?” என்று கேட்டார்.

பெட்டிக்குள் வந்த வாரண்டி அட்டையை எடுத்துவரச் சொல்லி, சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். ஏழு வருடம் என்பது உள்ளே இருக்கும் டேங்குக்கு மட்டும். ஹீட்டிங் எலிமெண்டுக்கு நான்கு வருடம். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு வருடம். எலிமெண்டின் காலம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மெக்கானிக் சொன்னது அட்டையில் உள்ளபடி சரிதான். ஆனால் பெட்டியின் மேல் ஏழை மட்டும் பெரிதாக அச்சிட்டு, நான்கையும் இரண்டையும் உள்ளே எறும்பு எழுத்தில் வைப்பது நமக்கு நல்ல பழக்கமாகத் தெரியவில்லை.

தண்ணீர் சேமித்துச் சூடாக்கும் கீசர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. டேங்குக்கு ஒரு காலம், எலிமெண்டுக்கு ஒரு காலம், முழுக் கருவிக்கு ஒரு காலம். வருடக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கடைக்காரர் வாயால் சொல்லும் எண்ணைக் கேட்டவுடன், “அது எதற்கு?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். டேங்க் ஓட்டையானால் டேங்கைத் தருவார்கள். மெக்கானிக் வந்து போகும் கட்டணம், வண்டிக் கூலி, கழற்றி மாட்டும் கூலி பல நேரம் நம் தலையில்தான். மாற்றித் தந்த டேங்குக்குப் புதிதாக ஏழு வருடம் தொடங்குவதும் அபூர்வம். பழைய காலத்தில் மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். நம் பகுதியில் பலருக்கு இங்கேதான் வாரண்டி கைநழுவுகிறது.

போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சூடாக்கும்போது அவை வெள்ளைப் படிவமாக எலிமெண்டின் மேல் ஒட்டுகின்றன. ஷவர் துளைகளை அடைக்கும் அதே உப்புதான். படிவம் தடித்தால் எலிமெண்டின் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல், எலிமெண்டே கருகிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்று உள்ளது. பல வாரண்டி அட்டைகளில், உப்புப் படிவத்தால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருக்கும். சில அட்டைகளில் எவ்வளவு உப்புள்ள தண்ணீர் வரை என்று எண்ணே போட்டிருப்பார்கள். ஆகவே கீசர் வாங்கும் முன்பே வீட்டுத் தண்ணீரின் அளவு தெரிந்திருப்பது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். திருகியைக் கடைசி வரை திருப்பி வைப்பவர்கள் கவனிக்க: சூடு கூடக் கூடப் படிவமும் வேகமாக ஏறும். 60 டிகிரிக்கு மேல் வீட்டுக்குத் தேவைப்படாது.

டேங்குக்கு உள்ளே ஆனோடு ராடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கிறது. தண்ணீர் டேங்கின் இரும்பை அரிப்பதற்குப் பதிலாக இந்தக் கம்பியை அரிக்கும். தேய்வதுதான் அதன் வேலை. முழுக்கத் தேய்ந்தபின் டேங்கின் முறை வரும். அதனால்தான் வருடம் ஒருமுறை அதைப் பார்த்து, தேய்ந்திருந்தால் காசு கொடுத்து மாற்ற வேண்டும் என்று அட்டைகளில் போட்டிருக்கிறார்கள். அதைச் செய்யாவிட்டால் டேங்க் வாரண்டியே செல்லாது என்று சொல்லும் அட்டைகளும் உண்டு. அந்தச் சகோதரியின் கீசரைத் திறந்தபோது கம்பி இருந்த இடத்தில் ஒரு குச்சிதான் மிஞ்சியிருந்தது. எலிமெண்டோடு கம்பியையும் மாற்றச் சொன்னோம். மாற்றிய பில்லைப் பத்திரமாக வைக்கவும் சொன்னோம். டேங்குக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது அல்லவா?

பாதுகாப்பு வால்விலிருந்து சூடாகும் நேரத்தில் நாலு சொட்டு விழுந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீர் சூட்டில் விரிகிறது, அவ்வளவுதான். சொட்டுகிறதே என்று சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். இது வாரண்டி போகும் விஷயம் மட்டுமல்ல, டேங்க் வெடிக்கும் விஷயம். அதேபோல் வீட்டில் பிரஷர் பம்பு வைத்திருப்பவர்கள், கீசர் எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்று பெயர்ப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் வரும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார்தான். பம்பு அப்படியல்ல.

நிக்காஹ் சீரில் வரும் கீசர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாய்மாமா வாங்குகிறார், பில் அவர் பெயரில், அவர் ஊரில். கீசர் எட்டு மாதம் பரணில் இருக்கிறது. பெரும்பாலும் வாரண்டி தொடங்குவது பில் தேதியிலிருந்து. மாட்டிய நாளிலிருந்து அல்ல. பில் இல்லாவிட்டால் பேச்சே இல்லை. கொடுக்கிறவர்கள் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். கடையில் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டுவதும் வீடு மாறும்போது கழற்றுவதும் கம்பெனி ஆளைக் கொண்டே நடக்கட்டும். தெரிந்த பிளம்பர் திறந்தார் என்பதே மறுப்பதற்குப் போதுமான காரணமாகிவிடுகிறது.

நாமே பட்ட பாடம் ஒன்றும் உண்டு. மத்ரஸா விடுதிப் பிள்ளைகள் குளிர்காலத்தில் சுபுஹுக்கு உளூச் செய்யச் சிரமப்படுகிறார்கள் என்று ஒரு நல்ல மனிதர் 25 லிட்டர் கீசர் வாங்கித் தந்தார். பதினோராவது மாதம் டேங்க் கசிந்தது. வந்து பார்த்தவர்கள், இது வீட்டு உபயோகத்துக்கான மாடல், விடுதியில் மாட்டியிருப்பதால் வாரண்டி கிடையாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அட்டையைப் பார்த்தால் அந்த வரி இருக்கத்தான் செய்தது. தந்தவரிடம் இதைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மஸ்ஜித், விடுதி, திருமண மண்டபம் போன்றவற்றுக்கு வாங்குவோர் எங்கே மாட்டப்போகிறோம் என்பதைக் கடையில் முதலிலேயே சொல்லி, அதற்கு வாரண்டி உண்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் மாட்டிய கீசருக்கு, காலமும் இருந்து நிபந்தனையும் மீறாமல் இருந்தும் மறுக்கிறார்களா? மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

வாரண்டி அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது, புரியவில்லை என்பவர்கள் அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.