வாடை தொடங்குமுன் அடிநீரையும் அளந்துவிடுங்கள்

பழவேற்காடு, எண்ணூர் முகத்துவாரங்களை நம்பித் தொழில் செய்வோருக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குமான ஆலோசனை.

வங்கக்கடலில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நிறுத்தியிருக்கும் மிதவைகள் காற்று, காற்றழுத்தம், அலை, நீரின் வெப்பம் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்புகின்றன. ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைச் ‘சமுத்ரா’ செயலியில் பாருங்கள். வானிலை மையம் மீனவர் எச்சரிக்கை விடுத்திருந்தால் படகை இறக்க வேண்டாம்.

ஆனால் ஆரணியாற்று வெள்ளம் பழவேற்காடு ஏரிக்குள் இறங்கும்போது முகத்துவாரத்து நீர் என்ன ஆகிறது என்பதை ஆழ்கடல் மிதவை சொல்லாது. அதை நாமே அளக்க வேண்டும். மழைநீர் எடை குறைந்தது, மேலே படரும். உப்புநீர் அடியில் தங்கிவிடும். இரண்டும் கலக்காத நாட்களில் மேலிருந்து ஆக்சிஜன் கீழே இறங்குவதில்லை. இறாலும் நண்டும் வாழ்வதோ அடியில். முகத்துவாரத்தில் நிறுத்தி, மேல்மட்டத்தில் மட்டும் ஆக்சிஜன் உணரி கட்டிய மிதவை, கீழே மூச்சு முட்டும் நேரத்திலும் எல்லாம் சரி என்றே காட்டும். எனவே தரைக்கு ஒரு முழம் மேலே இன்னொரு உணரி அவசியம். மிதவை இல்லாதவர்கள் கைக்கருவியைக் கயிற்றில் இறக்கி அளக்கலாம். ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான்; நண்பகல் அளவை நம்பாதீர்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால், இறால் குளத்துக்கு ஓடைநீர் ஏற்றுவதை நிறுத்தி ஏரேட்டரை ஓட்டுங்கள்.

மிதவை வைத்திருக்கும் பண்ணைகளும் ஆலைகளும் அதன் நங்கூரச் சங்கிலியை வாடைக்கு முன்பே சோதிக்கட்டும். நீர்மட்டம் உயரும் அளவுக்குத் தளர்வு விடுங்கள். கொசஸ்தலையாற்றில் அடித்து வரும் ஆகாயத்தாமரை ஒரே இரவில் மிதவையைச் சாய்த்துவிடும். உணரியில் பாசியும் கொட்டலசும் ஒட்டினால் அளவு பொய்யாகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

பூண்டியில் உபரிநீர் திறந்தால் எண்ணூர்க்காரர்களும், ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை திறந்தால் பழவேற்காட்டுக்காரர்களும் அன்றே வலையைக் கரையேற்றுங்கள். வெள்ளத்தோடு என்ன வரும் என்பதை 2023 டிசம்பரில் கண்டோம். மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலையையும் படகையும் அலையாத்தி மரங்களையும் கறுப்பாக்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகள் கழிவுநீர்த் தொட்டிகளில் மழைக்கு இடம் விட்டு வைப்பது வாடைக்கு முந்தைய முதல் வேலையாக இருக்க வேண்டும். இதில் தயவு காட்ட இடமில்லை.

நீரில் எண்ணெய்ப் படலமோ புதிய நெடியோ தெரிந்தால் வலை போடாதீர்கள். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் நீர் பிடித்து, இடமும் நேரமும் எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் (1077) சொல்லுங்கள்.

எந்த மிதவையிலும் படகையோ வலையையோ கட்ட வேண்டாம். அறுந்து கரை ஒதுங்கிய மிதவையைப் பிரிக்காமல் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554.