மணம் நிலைக்க ஒரு துளி

'இத்ர்' என்னும் அரபுச் சொல்லே தமிழில் 'அத்தர்' என வழங்குகிறது. வெள்ளிக்கிழமை நீராடி, தூய ஆடை உடுத்தி, நறுமணம் பூசித் தொழுகைக்குச் செல்வது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. பூசிய மணம் நீடிக்க வேண்டுமெனின் அதன் இயல்பை அறிதல் வேண்டும்.

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜ் நகரில், மலர்களைச் செப்புக் கலத்தில் நீருடன் இட்டுக் காய்ச்சுவர். எழும் ஆவி மூங்கிற் குழாய் வழியே சென்று, மற்றொரு கலத்தில் மரபுப்படி வைக்கப்படும் சந்தன எண்ணெயில் படியும். மலர்மணம் விரைந்து பறப்பது. சந்தன எண்ணெயோ மெல்ல ஆவியாவது. ஆகவே அது மலர்மணத்தைப் பற்றி நிறுத்துகிறது.

மேனிக்கும் இதுவே விதி. வறண்ட தோலில் மணம் விரைவில் அகலும்; நீராடித் துடைத்த, சற்றே ஈரப்பதமுள்ள தோலில் தங்கும். மணிக்கட்டிலும் காதின் பின்புறத்திலும் ஒரு துளி ஒற்றினால் போதும். உடல்வெப்பம் அதனை மெல்லப் பரப்பும். அத்தர் தோய்ந்த பஞ்சைக் காது மடலில் செருகும் வழக்கமும் பொருளுடையதே. பஞ்சு எண்ணெயை உறிஞ்சிச் சிறிது சிறிதாக மணத்தை வெளிவிடும். குப்பியை ஒளியும் வெப்பமும் படாமல் காத்தல் நலம்.

மணம் குன்றியதென எண்ணி மீண்டும் மீண்டும் பூசுவோர் பலர். உண்மையில் பல வேளைகளில் மணம் அவ்வளவாகக் குன்றியிருப்பதில்லை. பூசியவரின் மூக்கே அதற்குப் பழகிவிடுகிறது. அருகில் நிற்பவரோ அதனை முழுமையாக நுகர்கிறார். ஈளை நோயுடையார்க்கு மிகுமணம் மூச்சுத் திணறலையும் தரக்கூடும். பச்சைப் பூண்டு உண்டவர் பள்ளிவாசலை அணுகலாகாது என்னும் நபிமொழியின் உட்கருத்து, பிறர்க்கு இடர் செய்யாமையே. தோளோடு தோள் சேரும் தொழுகை வரிசையில், அடுத்தவர்க்கும் இனிமை தருவதே நறுமணம். மாணவர்கள் இதனை உளங்கொள்வார்களாக.