சுருதி நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்

கேள்வி: பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். அப்பா சேர்த்துவைத்த கர்நாடக இசைத்தட்டுகளும், எக்கோ வெளியிட்ட இளையராஜா எல்.பி.களும் நிறைய உண்டு. நல்ல டர்ன்டேபிளுக்கு 5 லட்சம் வரை செலவழிக்கலாம் என்று நினைக்கிறேன். அவ்வளவு விலைக்குப் பலன் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் பணம் எந்த வேலைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

டர்ன்டேபிளின் வேலை இரண்டுதான்: தட்டை நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் பிசகாமல் சுற்றுவது, ஊசி தவிர வேறெதுவும் அசையாமல் பார்த்துக்கொள்வது. இது கடினமான வேலை. ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் மூவிங் காயில் காட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைத் தாண்டாது. மோட்டாரின் நடுக்கமோ பேரிங்கின் உராய்வோ அதில் துளி கலந்தாலும், பாட்டோடு சேர்ந்து பல ஆயிரம் மடங்கு பெருகி ஸ்பீக்கருக்கு வந்துவிடும். இந்த இரைச்சலைக் குறைக்கவும் வேகத்தை நிலைநிறுத்தவும் செய்யும் துல்லியமான கடைசல் வேலைக்குத்தான் நியாயமாக விலை ஏற வேண்டும்.

வடிவமைப்பில் மூன்று வழிகள்

எடையைக் கூட்டி அதிர்வை அடக்குவது ஒரு வழி. எடையைக் குறைத்து, விறைப்பைக் கூட்டி, அதிர்வு தேங்காமல் வெளியேறச் செய்வது இரண்டாவது. இங்கிலாந்தின் ரேகா நிறுவனம் 1973 முதல் இந்த வழியில் நிற்கிறது. மூன்றாவது, தட்டையும் ஊசியைத் தாங்கும் ஆர்மையும் சேர்த்து ஸ்பிரிங்கில் மிதக்கவிடுவது. ஸ்காட்லாந்தின் லின் எல்.பி.12 இந்த வகை. ஆனால் இந்த உத்தியைப் பிரபலமாக்கியது விலையுயர்ந்த கருவி அல்ல. எட்கர் வில்ச்சர் வடிவமைத்து அமெரிக்காவின் அகூஸ்டிக் ரிசர்ச் 1961-ல் விற்ற டர்ன்டேபிளின் விலை 58 டாலர். அதே வழியில் வந்த எல்.பி.12-க்கு 2023-ல் 250 மட்டுமே கொண்ட சிறப்புப் பதிப்பு வந்தபோது விலை 60,000 டாலர். நல்ல யோசனை மலிவான கருவியிலும் இருக்கலாம். அதைச் செய்து முடிக்கும் நேர்த்திக்கும், சில சமயம் பெயருக்கும் அழகுக்கும்தான் மீதிப் பணம். ஆகவே கனமான, பளபளக்கும் டெக் (டர்ன்டேபிள்) எல்லாம் நன்றாகப் பாடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

தம்பூராவைக் கொண்டு சோதியுங்கள்

நம் இசையில் தம்பூரா இடைவிடாமல் ஒலிக்கிறது. வேகம் 1 சதவீதம் மாறினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நகரும். எப்போதும் ஒரே அளவில் கூடியிருந்தால் காது பழகிக்கொள்ளும். ஆனால் சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கினால் தம்பூராவிலும் நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையிலும் அசைவு தெரிந்துவிடும். டிரம்ஸ் அதிரும் பாட்டில் இது மறைந்துபோகும். கடைக்காரர் போடும் டெமோ தட்டை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், உங்கள் வீட்டிலிருந்தே ஒரு கச்சேரித் தட்டை எடுத்துச் செல்லுங்கள்.

அதற்கு முன் தட்டைப் பாருங்கள். சுழலும்போது ஆர்ம் இடமும் வலமுமாக ஊசலாடினால் நடுத்துளை மையத்தில் இல்லை என்று பொருள். நம் ஊர்ப் பழைய தட்டுகளில் இது அரிதல்ல. அந்தக் குறையை விலையுயர்ந்த டெக்குகளும் பொதுவாகத் தானாகச் சரிசெய்யாது. அதைச் சரிசெய்யவென்றே ஜப்பானின் நகமிச்சி 1980களின் தொடக்கத்தில் டி.எக்ஸ்-1000 என்ற டெக்கைச் செய்தது. அந்த முயற்சி பரவவில்லை. மையம் சரியாக உள்ள தட்டையே சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம்

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் மூலம் டெக் வாங்கும் வழக்கம் உங்கள் பகுதியில் நிறைய உண்டு. மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் ஏ.சி. மோட்டார் உள்ள டெக் என்றால் எச்சரிக்கை தேவை. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. கப்பியை மாற்றாவிட்டால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், சுருதி மூன்று அரைச்சுரம் இறங்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. கரண்ட் போனதும் இன்வெர்ட்டரிலோ ஜெனரேட்டரிலோ ஓடும் வீடு உங்களுடையது என்றால், வேகத்தைத் தானே மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் டெக்கைத் தேர்ந்தெடுங்கள். 1972-ல் வந்து, 2010-ல் நிறுத்தப்பட்டு, 2016-ல் திரும்பி வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 வரிசையின் டைரக்ட் டிரைவ் இதற்கு ஏற்றது. நல்ல பெல்ட் டிரைவ் டெக்குகளுக்குத் தனி பவர் சப்ளை கிடைக்கிறது.

ஓசூர் ரோட்டின் நடுக்கம்

கீழே லாரிகள், மேலே எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அதோடு மெட்ரோ. கனரக வண்டிகளின் நடுக்கம் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. ஆர்மும் காட்ரிட்ஜும் சேர்ந்து தாமாகவே அதிரும் இடம் சுமார் 8 முதல் 12 ஹெர்ட்ஸ். கீழேயிருந்து வரும் நடுக்கம் அதைத் தூண்டிவிட்டால் ஊசி தடுமாறும். சாலைப் பக்கம் இல்லாத, செங்கல்லோ கான்கிரீட்டோ ஆன சுவரில் உறுதியான ஷெல்ஃப் பொருத்தி அதன்மேல் டெக்கை வையுங்கள். அதே ஷெல்ஃபில் ஸ்பீக்கர் வேண்டாம். ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். இதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், டெக்கில் கூடுதலாகப் போடும் ஒரு லட்சத்தைவிட அதிகப் பலன் தரும்.

5 லட்சத்தைப் பிரிக்கும் விதம்

டெக்குக்கும் ஆர்முக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் போதும். காட்ரிட்ஜின் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப்புக்கு ஒரு லட்சம், காட்ரிட்ஜுக்கு 75,000. மீதியில் ஷெல்ஃப், தட்டு கழுவும் கருவி, பொருத்தும் கூலி எல்லாம் முடித்து, கையிலும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி தேயும் பொருள். நல்ல ஊசிக்கே ஆயுள் ஏறத்தாழ 1,000 மணி நேரம் என்று வைத்தால், 75,000 ரூபாய்க் காட்ரிட்ஜுக்கு மணிக்கு 75 ரூபாய் ஆகிறது. ஊசியை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய மூவிங் மேக்னட் வகையில் இந்தச் செலவு வெகுவாகக் குறையும். தினமும் கேட்பவர்களுக்கு அதுவே நல்லது.

அப்பாவின் சேகரிப்பில் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அந்த வேகம் டெக்கில் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். விலையுயர்ந்த பல டெக்குகளில் இல்லை. அவற்றுக்கு அகலமான தனி ஊசியும் வேண்டும். எல்.பி. ஊசியால் அவற்றை ஓட்ட வேண்டாம்.

இந்தத் தொகைக்கும் மேலே செலவழித்தால் நுணுக்கம் கூடும். ஆனால் கூடும் அளவு சிறிது, கொடுக்கும் விலை பெரிது. என் முடிவு இதுதான்: வேகம் நிலைத்த, பேரிங் அமைதியான, உதிரிபாகமும் சர்வீஸும் இந்தியாவில் கிடைக்கிற டெக்கை வாங்குங்கள். மிச்சப் பணத்தை இசைத்தட்டுகளைக் கழுவிக் காப்பாற்றுவதற்குச் செலவிடுங்கள். டெக்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அப்பாவின் தட்டு ஒருமுறை கீறினால் கீறியதுதான்.