வீட்டை அலங்கரிப்பவளின் கூலி



எங்கள் பகுதியில் ஒரு மகளுக்குக் கலியாணம் பேசினால் முதலில் வருவது வீட்டுப் பேச்சுத்தான். மட்டக்களப்புப் பக்கத்தில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழமை. வீடு மகளுக்குப் போகும். அதனால் கலியாணத்துக்கு முந்திய மூன்று மாதமும் மேசன், தச்சன், பெயின்ற் அடிப்பவர், ஓடு பதிப்பவர் என்று வீடு நிறைய ஆட்கள் நிற்பார்கள். எல்லோருக்கும் பின்னால், கடைசி ஒரு வாரத்தில் வந்து, யன்னலுக்குத் திரைச்சீலை, கட்டிலுக்கு விரிப்பு, கதிரைக்குக் குஷன் என்று வீட்டை வீடாக்கிவிட்டுப் போகிறவள் ஒரு பெண். காசு தீர்ந்துபோன நேரத்தில் வருவதால் பேரம் பேசப்படுவதும் அவளிடம்தான்.

ஏறாவூரில் துணிக்கடை வைத்து முப்பது வருடமாகிறது. இந்தத் தொழில் செய்யும் பெண்கள் பலர் என்னிடம் துணி எடுக்கிறார்கள். அவர்களுள் வந்தாறுமூலையைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சகோதரியைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தையல்காரி என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "நான் வீடு அலங்கரிக்கிற ஆள் காக்கா" என்பார். அது சரிதான். சட்டை தைப்பவருக்கு உடம்பின் அளவு போதும். இவருக்கு யன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

எங்களிடமிருந்து செங்கலடிச் சந்தியைத் தாண்டினால் திருகோணமலை வீதியில் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. சுற்று வட்டாரத்தில் வாடகைக்கு இருக்கும் விரிவுரையாளர்கள் இவரது ஒரு பகுதி வாடிக்கையாளர்கள். மற்றப் பகுதி எங்கள் ஊர்க் கலியாண வீடுகள். 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் நடந்ததையும், செப்டெம்பரில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்ததையும் இரண்டு ஊரும் மறக்கவில்லை. அதற்குப் பின் பல வருடம் அங்கிருந்து ஒரு பெண் தனியாக எங்கள் கடைத் தெருவுக்கு வந்து துணி எடுப்பதென்பது நினைக்கவும் முடியாத விடயம். இன்று அவர் எங்கள் வீடுகளின் படுக்கை அறை வரை வந்து அளவெடுக்கிறார். இந்த நம்பிக்கைக்கு எந்தக் கடையிலும் விலைச் சீட்டு இல்லை.

அவரது நாள் இப்படித்தான் போகும். விடியற்காலையில் சாமி விளக்கேற்றி, சமைத்து, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, வாவியில் வலை போட்டுவிட்டு வரும் கணவருக்குச் சாப்பாடு கொடுத்து, ஒன்பது மணிக்கு மெஷினில் உட்காருவார். பின்னேரம் அளவெடுக்கப் போவார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் மெஷின். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நாட்களில் வேலை எடுக்க மாட்டார். சரஸ்வதி பூசைக்கு மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் எங்கள் கடைக்கு வரக்கூடாதென்பதும் அவருக்குத் தெரியும்.

பண்டிகைக் கணக்கும் இந்தத் தொழிலுக்கு முக்கியம். எங்கள் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதை அறிவீர்கள். 2004, 2005இல் நோன்புப் பெருநாள் தீபாவளியுடன் ஒட்டி வந்தது. 2023, 2024இல் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி வந்தது. அப்படிப்பட்ட வருடங்களில் இரண்டு சமூகத்தவரும் ஒரே கிழமையில் திரைச்சீலை கேட்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே துணி வெட்டி வைக்காதவர் அந்தக் கிழமையில் நித்திரையையும் இழப்பார், வாடிக்கையாளரையும் இழப்பார்.

இனி வேலைக்கு வருவோம். 6 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட ஒரு யன்னலை எடுங்கள். சுருக்கு அழகாக விழ வேண்டுமானால் அகலத்தின் இரண்டு மடங்கு துணி வேண்டும், அதாவது 144 அங்குலம். 54 அங்குலத் துணியில் இரண்டு பாகம் போதாது, மூன்று பாகம் வேண்டும். உயரம் 84 அங்குலம். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் 12 சேர்த்தால் 96. மூன்று பாகத்துக்கு 288 அங்குலம், சரியாக 8 யார். இது வெறும் துணிக்கு. பூப் போட்ட துணியில் அந்தப் பூ 27 அங்குலத்துக்கு ஒரு தடவை திரும்பி வருமானால், பாகத்துக்குப் பாகம் பூ நேராகப் பொருந்துவதற்கு ஒவ்வொன்றையும் 108 அங்குலமாக வெட்ட வேண்டும். அப்போது 9 யார். ஒரு யன்னலுக்கு ஒரு யார் கூடுகிறது. பதினொரு யன்னலுள்ள வீட்டில் பதினொரு யார். இதை முன்கூட்டியே சொல்லாத அலங்காரக்காரி, துணி போதாமல் போனதும் தன் கைக்காசில் வாங்கிப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருப்பார். பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கழுவலிலேயே சீலை நிலத்தை விட்டு மேலே போய்விடும்.

வாவி ஓரத்து வீட்டுக்கு இரும்புக் கொக்கி போடவே கூடாது. உப்புக் காற்றில் துருப் பிடித்து, அந்தக் கறை துணியில் இறங்கினால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மேற்குப் பக்க யன்னலுக்குக் கச்சான் காற்றும் பின்னேர வெயிலும். அங்கே லைனிங் இல்லாத கடும் நிறத் துணி சீக்கிரம் வெளிறிவிடும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் வடகிழக்குப் பக்கத்துக்குப் பாரமான துணி வேண்டாம் என்பார். இவையெல்லாம் அவர் யாரிடமும் படித்ததல்ல. பழுதாகிப் பழுதாகிக் கற்றுக்கொண்டது.

ஒரு நாள் மயில் போட்ட துணியொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "காக்கா, உங்கட ஆக்கள்ற வீட்டுக்கு இது சரிவருமா?" என்று கேட்டார். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டதையும், நபி (ஸல்) அவர்கள் அதை விரும்பாததையும், பின்னர் அந்தத் துணி வெட்டப்பட்டுத் தலையணைகளானதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அந்தக் காலத்திலயும் துணியை வீசாம மாத்தித் தச்சிருக்காங்க" என்றார். ஹதீஸ் கிதாபுகளில் எத்தனையோ தடவை வாசித்த செய்திதான். அதில் ஒரு வீட்டுப் பெண்ணின் சிக்கனம் இருப்பதை அவர் சொல்லித்தான் கவனித்தேன். கல்லுக்கும் மண்ணுக்கும் உடை உடுத்த நாம் ஏவப்படவில்லை என்ற கருத்திலும் ஒரு நபிமொழி உண்டு. சுவரெல்லாம் பட்டுத்துணி சுற்றும் எங்கள் ஊர்க் கலியாண வீடுகளுக்கு அதை யார் சொல்வது? துணி விற்கிற நானே சொன்னால் யார் நம்புவார்கள்?

மிச்சத் துணியில்தான் அவரது கைவண்ணம் தெரியும். மருதமுனைக் கைத்தறிச் சாரத் துணியின் கரை முனைகளை ஒட்டி ஒட்டிக் குஷன் உறை தைப்பார். 2004 டிசம்பர் சுனாமியில் அடிபட்ட ஊர் மருதமுனை. அந்தத் தறித் துணியை வீணாக்க மனம் வராது என்பார். பன் பாயை வெட்டி, விளிம்புக்குத் துணி பிடித்து, சுவரில் தொங்கவிட்டது இன்னொரு வேலை. எங்கள் உம்மாமார் இழைத்துச் சுருட்டி மூலையில் வைத்த பாய் இப்படி நிமிர்ந்து நிற்குமென்று நான் எண்ணியதில்லை.

இப்படிப்பட்ட வேலையைப் பெரிய அளவில் செய்த பெண்கள் நமது நாட்டிலேயே இருந்தார்கள். மாத்தளைக்கு அருகே அலுவிஹாரையில் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பற்றிக், எம்பிராய்டரி வேலைகளை நடத்திய ஏனா டி சில்வா (1922-2015) அவர்களின் பற்றிக் துணிகள், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையை அலங்கரித்தன. கைத்தறித் துணிக்குப் புதிய நிறச் சேர்க்கை கொடுத்த பார்பரா சன்சோனி (1928-2022) 1964இல் 'பெயார்பூட்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் வசதியான குடும்பத்தினர், ஆங்கிலம் படித்தவர்கள், கொழும்பில் ஆட்களைத் தெரிந்தவர்கள். வந்தாறுமூலையிலிருந்து அந்த உயரத்துக்கு ஏணி கிடையாது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் தையலுக்கு மட்டும் விலை போடவில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று யோசித்த யோசனைக்கும் சேர்த்தே விலை போட்டார்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். சற்று வெட்கமான விடயம்.

2022 ஜூனில் எனது இரண்டாவது மகளின் கலியாணம். நாடு இருந்த நிலை நினைவிருக்கும். மார்ச் மாதம் வரை 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை. அந்த நேரத்தில் பதினொரு யன்னல், நான்கு கதவு, இரண்டு கட்டில், பன்னிரண்டு குஷன் என்று அவரிடம் வேலை கொடுத்தேன். துணி எனது கடைத் துணி. மோட்டர் மெஷின் கரண்ட் இல்லாமல் நிற்க, தாயாரின் பழைய கால்மெஷினில் மிதித்துத் தைத்தார். யன்னலுக்கு 600, கதவுக்கு 400, குஷனுக்கு 100, கட்டிலுக்கு 1,000. மொத்தம் 11,400 ரூபாய் வந்தது. "பத்தாயிரமாக வைத்துக்கொள்வோம் பிள்ளை, நம்மட வீட்டுக் கலியாணம்தானே" என்றேன். "சரி காக்கா" என்றார். வந்தவர்களெல்லாம் வீட்டைப் புகழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

ஆறு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்து, கடன் கணக்கை முடித்துத் தரச் சொன்னார். சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போவதாகவும் பாஸ்போட் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்நாட்டிலிருந்து வேலைக்காக வெளியேறினார்கள். அதில் இவரும் ஒருவராகட்டும் என்று விட்டுவிட்டிருக்கலாம். மகள் சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளை. "ஏன் பிள்ளை, வேலை இல்லையா?" என்றேன். "வேலை நிறைய இருக்கு காக்கா. கையில ஒண்டும் மிஞ்சுதில்ல" என்றார்.

இந்தப் பத்தியில் வாராவாரம் கணக்கு எழுதுங்கள் என்று ஊருக்குச் சொல்கிறவன் நான். ஒரு கொப்பியை எடுத்து, கடைசியாக எந்த வேலை முழு விபரமும் நினைவிருக்கிறது என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "உங்கட மகள்ற வீட்டு வேலைதான்" என்றார். எழுதினோம். அளவெடுக்க இரண்டு தடவை வந்தது 5 மணித்தியாலம். வெட்டு 9. தையல் 46. இஸ்திரி 6. கொழுவியது 8. நூலும் வளையமும் தேடி அலைந்தது 4. மொத்தம் 78. நூல், கொக்கி, கூலி ஓட்டோ என்று அவர் கையிலிருந்து போனது 2,900. மிஞ்சியது 7,100 ரூபாய். மணித்தியாலத்துக்கு 91 ரூபாய். எட்டு மணித்தியால நாளுக்கு 728.

அதே வாரம் அதே வீட்டில் மேசனுக்குக் கையாளாக நின்ற பையனுக்கு நாட்கூலி 2,000 கொடுத்திருந்தேன். அவனிடம் நான் பேரம் பேசவில்லை. பேசினால் அடுத்த நாள் வரமாட்டான் என்பது தெரியும். இவர் வருவார் என்பதும் தெரியும். வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை நான் அன்றுவரை நேரத்தைப் பற்றியது என்றே விளங்கி வைத்திருந்தேன். காசை அன்றே எண்ணிக் கொடுத்தேன்தானே என்று. கூலி கூலியாக இருந்ததா என்று பார்க்கவில்லை.

கையாளின் கூலியளவாவது போட்டால் 19,500. செலவுடன் 22,400. நான் கொடுத்தது போக 12,400 பாக்கி. எடுத்து நீட்டினேன். "கலியாண வீட்டுக் காசு காக்கா, முடிஞ்சத திருப்பி வாங்கக் கூடாது" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனது மனைவி உள்ளே இருந்து வந்து, அவரது கடன் பக்கத்தில் அதை வரவு வைக்கும்படி சொன்னார். வைத்தேன்.

அந்தக் கொப்பியை அவர் கொண்டுபோனார். இப்போது ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். துணி எத்தனை யார், கைச்செலவு எவ்வளவு, மணித்தியாலம் எத்தனை. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தொகை மேலே, அவரது கையெழுத்துடன். முற்பணம் பாதி. சிறிய கொடுக்கல் வாங்கலாயினும் தவணையுடன் எழுதிக்கொள்வதில் சோர்ந்துவிட வேண்டாம் என்ற கருத்து ஸூரதுல் பகராவின் 282ஆவது வசனத்தில் வருகிறது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது என்பதும், அது கடன் எழுதுவதைப் பற்றியது என்பதும் வியாபாரிகளான எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கு வரவேண்டியதை எழுதுவதற்கு மட்டும் அதை ஓதிக் காட்டுவோம். பாதி முற்பணம் கேட்கத் தொடங்கியதும் முதல் மூன்று மாதத்தில் நான்கு வீடுகள் அவரை விட்டுப் போயின. அதில் இரண்டு எனது சொந்தக்காரர்கள். மற்றவர்கள் நின்றார்கள். பாஸ்போட் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. மகள் பரீட்சை எழுதிவிட்டாள்.

சென்ற மாதம் இளைய மகளின் வீட்டுக்கு அளவெடுக்க வந்திருந்தார். ஒன்பது யன்னல். நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, கொப்பியில் கணக்குப் போட்டு, பக்கத்தை என் பக்கம் திருப்பினார். முன்னைய தொகையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். "கொஞ்சம்..." என்று என் வாய் பழக்கதோஷத்தில் திறந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேனையை மட்டும் நீட்டினார். கையெழுத்து வைத்துவிட்டுப் பாதியை எண்ணிக் கொடுத்தேன்.